காலிக் கோட்டையில் மூன்று நாட்கள்

வருடப் பிறப்புக் கழிந்த கையோடு, ஸ்கந்தபுரத்து அனல் வெயிலை விட்டு நாங்கள் குடும்பமாகத் தென்றிசை நோக்கிப் புறப்பட்டோம். கிளிநொச்சியிலிருந்து கொழும்பு; அங்கிருந்து கடலோரப் புகையிரதம். அவ்வண்டியின் வலப்புறச் சாளரங்களுக்கு நடக்கும் போட்டியை எழுதப் புகின் இப்பக்கம் போதாது.

காலிக் கோட்டையை ஊர் என்பதே பொருந்தும். 1588 இல் போர்த்துக்கேயர் அரண் அமைத்தனர். 1640 இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றிப் பெரிதாக்கினர். 1796 இல் ஆங்கிலேயர் வசமாயிற்று. பழைய வாயிலின் வெளிப்புறத்தில் ஆங்கிலேயர் சின்னமும், உட்புறத்தில் ஒல்லாந்தக் கும்பனியின் சின்னமும் 1669 என்னும் ஆண்டும் உள. அதன்மேல் ஒரு சேவல் நிற்கிறது. இலத்தீனில் சேவலைக் 'கல்லுஸ்' என்பர். ஊர்ப் பெயரின் ஒலி அதனோடு ஒத்திருக்கக் கண்டு ஒல்லாந்தர் செய்த வேலை அது.

எம்மை மிகவும் கவர்ந்தது மண்ணின் கீழ் உள்ளது. கடல் பெருகும்போது நீர் புகுந்து கழிவை அடித்துச் செல்லும்படி அவர்கள் நிலத்தடியில் வடிகால்கள் கட்டினர். நகரத் திட்டம் பேசுவோர் ஒரு முறை போய்ப் பார்த்து வரலாம்.

மாலை வேளையில் மதில்மேல் நடந்தோம். கீழே கொடியில் துணி உலர்ந்தது. பள்ளிவாசலில் பாங்கொலி எழுந்தது. 1755 இல் கட்டிய ஒல்லாந்தர் தேவாலயம் அப்பால் தெரிந்தது. "அப்பா, கோட்டைக்குள்ளே ஆட்கள் குடியிருப்பார்களா?" என்று மகன் வியந்தான். அவன் கண்ட கோட்டைகள் இரண்டே: பூநகரியில் புல் மூடிய சுவர்கள், யாழ்ப்பாணத்தில், போரில் நொறுங்கிப் பின் மதில் மட்டும் செப்பனிடப்பட்ட ஐங்கோணம். 1706 இல் எழுந்த சிலுவை வடிவத் தேவாலயம் அங்கே கற்குவியலாய்க் கிடந்ததை அவன் பார்த்திருக்கிறான். குடியிருப்பவர் உள்ள கோட்டைக்கு ஓடு மாற்றவும் சுண்ணாம்பு பூசவும் ஆள் உண்டு. படை மட்டும் இருந்த கோட்டைக்கு அடுத்த படைதான் வரும் என்று எமக்குத் தோன்றியது.

2004 மார்கழி 26 இல் வந்த ஆழிப்பேரலை காலி நகரின் பேருந்து நிலையத்தையும் கடைத்தெருவையும் வாரிச் சென்றது. கோட்டைக்குள் இருந்தோரைப் பெரும்பாலும் இம்மதிலே காத்தது. இதைக் கேட்டதும் எம் இல்லாள் கடலைப் பார்த்தபடி பேசாதிருந்தார். அதே காலையில் முல்லைத்தீவுக் கரைக்கு மதில் ஏதும் இருக்கவில்லை.

காலியில் காணக் கிடையாத காலிப் பொருள் ஒன்றைத் திரும்பும் வழியில் கொழும்பு நூதனசாலையில் கண்டோம். 1911 இல் அந்நகரின் மதகொன்றில் அகப்பட்ட கல் அது. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ கொணர்ந்தது. 1409 ஆம் ஆண்டு பொறித்தது. சீனத்தில் புத்தருக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கும், தமிழில் தேனவரை நாயனாருக்கும் காணிக்கை கூறுகிறது. இன்று தெவிநுவர எனப்படும் தேனவரையில் இருந்த அக்கோயிலைப் போர்த்துக்கேயர் இடித்ததும் 1588 இலேயே. கோயில் போயிற்று, அதன் பெயரைச் சீனத்திலிருந்து வந்த கல் வைத்திருக்கிறது. தேய்ந்த வரிகளில் மகள் எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தாள். கதவடைக்கும் நேரமாயிற்றென்று காவலர் வந்து நின்றார்.