படைவீரரும் மறவாத எண்ணும்

முதுமை வரும்போது மறதியும் உடன் வருகிறது. பேரனை அழைக்க வாயெடுத்து மகன் பெயரைச் சொல்வதும், காலையில் கழற்றி வைத்த மூக்குக் கண்ணாடியை மாலைவரை தேடுவதும் எல்லார் வீட்டிலும் நிகழ்வனவே. ஆனால், இளமையில் படையில் பணியாற்றிய முதியவர் ஒருவரிடம், "உங்கள் படை எண் என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். ஏழு அல்லது எட்டு இலக்கங்கள் தடையின்றி வந்து விழும். சொல்லும்போது அவர் சற்றே நிமிர்ந்து உட்காருவதையும் காணலாம். படையை விட்டு ஐம்பது, அறுபது ஆண்டுகள் கழிந்திருக்கும். அந்த எண் மட்டும் கழிந்திருக்காது.

இது பல நாட்டுப் படைவீரரிடமும் காணப்படும் இயல்பாகும். எண்ணைப் படை ஏன் கொடுத்தது? மனம் அதை ஏன் விடாமல் வைத்திருக்கிறது? எண்ணே இல்லாமல் போனவர் கதி என்ன? இம்மூன்று வினாக்களுக்கும் இங்கே விடை காண முயல்வோம்.

பாலிங் வட்டாரத்தார்க்கு இது அயலான பொருளன்று. 1941 டிசம்பரில் ஜப்பானியர் கெடாவிற்குள் புகுந்தபோது, குரோவிலிருந்து பாலிங் வழியாக இறங்கும் சாலையில் பஞ்சாப் படைப்பிரிவினரும் ஸ்காத்லாந்துப் படையினரும் பின்வாங்கிப் போரிட்டனர். 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் சயாம் எல்லையை ஒட்டிய இக்காட்டுப் பகுதி மறுபடியும் போர்முனையாயிற்று. 1955 டிசம்பர் 28, 29 ஆகிய நாள்களில் துங்கு அப்துல் ரகுமான், டேவிட் மார்ஷல், டான் செங் லோக் ஆகிய மூவரும், காட்டிலிருந்து வெளிவந்த சின் பெங், சென் தியென், ரஷீத் மைடின் ஆகிய மூவரும் பாலிங்கில்தான் எதிரெதிரே அமர்ந்து பேசினர்.

எண் பிறந்த வகை

தொடக்கத்தில் பிரிட்டிஷ் படையில் ஒவ்வொரு படைப்பிரிவும் தனித்தனியே எண் கொடுத்து வந்தது. ஒரு பிரிவில் 1205ஆம் எண்ணுடைய வீரர் இருப்பார். மற்றொரு பிரிவிலும் அதே எண்ணுக்கு இன்னொருவர் இருப்பார். ஒருவர் பிரிவு மாறினால் பழைய எண் போய்ப் புதிய எண் வரும். முதல் உலகப் போரில் இலட்சக்கணக்கானோர் சேர்ந்தும், மாறியும், மாண்டும் போனபோது இம்முறை பெருங்குழப்பத்தை விளைத்தது. ஆதலால் 1920இல், ஒருவர்க்கு ஓர் எண், பணிக்காலம் முழுதும் அதுவே என்ற ஏற்பாடு வந்தது. படைப்பிரிவு ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்தொகுதி ஒதுக்கப்பட்டது.

எனவே எண்ணின் முன்னிலக்கங்களைக் கொண்டே ஒருவருடைய வரலாற்றின் ஒரு பகுதியைச் சொல்லிவிடலாம். 1950களில் பிரிட்டிஷ் தரைப்படையில் சேர்ந்து மலாயாக் காடுகளுக்கு வந்தவர்கள் பலருடைய எண்கள் 22 அல்லது 23 என்று தொடங்கும் எட்டிலக்க எண்கள். அமெரிக்கப் பாடகர் எல்விஸ் பிரெஸ்லி 1958இல் படைக்கு அழைக்கப்பட்டபோது பெற்ற எண் 53310761. அதன் முதலில் நிற்கும் 5 என்பதே, அவர் தாமாகச் சேர்ந்தவர் அல்லர், கட்டாயப் பணிக்கு அழைக்கப்பட்டவர் என்பதை அறிந்தோர்க்கு உணர்த்திவிடும்.

பெயர் போதாதா?

ஆளுக்குப் பெயர் இருக்க எண் எதற்கு என்று கேட்கலாம். தமிழர்க்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. ஒரு தோட்டத்தில் மூன்று முனியாண்டிகளும் நான்கு மாரியம்மாள்களும் இருப்பது இயற்கை. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தை பெயரே தலைப்பெழுத்து. தந்தை பெயரும் ஒத்திருந்துவிட்டால் ஆளை வேறு பிரிக்க ஊர் வேண்டும், உயரம் வேண்டும், பட்டப்பெயர் வேண்டும். இனி, அந்தப் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதும் கிராணியார் காதில் விழுந்தபடி எழுதுவார். சுப்பிரமணியம் ஒரு தாளில் ஒருவகையாகவும் மறுதாளில் வேறுவகையாகவும் உருமாறும். பிறப்புச் சான்றில் ஒரு பெயர், பள்ளி ஏட்டில் ஒரு பெயர், சம்பளப் புத்தகத்தில் ஒரு பெயர் என்று அலைந்தவர் நம்மிடையே பலர்.

எண்ணுக்கு இத்தொல்லை இல்லை. அதை யார் எழுதினாலும் ஒன்றுபோலவே எழுதுவர். பெயர் மொழிக்கு மொழி மாறும், எண் மாறாது. பாலிங் பேச்சுக்கு வந்த சின் பெங்கின் இயற்பெயர் ஓங் பூன் ஹுவா. மறைந்து போரிடுவோர்க்குப் புனைபெயர் பாதுகாப்பு. ஆளை அறியவொட்டாமல் செய்வதே அதன் வேலை. அரசுப் படையில் எண்ணின் வேலை இதற்கு நேர்மாறு. ஆயிரம் பேருக்கிடையிலும் ஒருவரைத் தப்பாமல் காட்டுவது அது.

அவசரகாலம் இந்த எண் வழக்கத்தைப் படைக்கு வெளியிலும் கொண்டு வந்தது. 1948இல் தொடங்கிய பதிவில், பன்னிரண்டு வயதிற்கு மேற்பட்ட அனைவரும் படமும் கைரேகையும் பதிந்த அடையாள அட்டை பெற வேண்டும் என்று விதிக்கப்பட்டது. பால்மரம் சீவச் சென்றவரும் அதை இடுப்பில் முடிந்துகொண்டே சென்றார். மலேசியர் இன்று பன்னிரண்டு இலக்க எண்ணை ஒப்பிக்கிறார்கள் என்றால், அதன் வேர் அக்காலத்தில் இருக்கிறது.

தோட்டத்துப் பேச்சில் வழங்கும் ஒரு சொல்லையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். விடியுமுன் தொழிலாளரை நிறுத்திப் பெயர் கூப்பிடுவதைப் 'பெரட்டு' என்கிறோம். அணிவகுப்பைக் குறிக்கும் 'பரேடு' என்ற படைச்சொல்லே நம் நாவில் பெரட்டு ஆயிற்று. படையின் பெரட்டில் எண். தோட்டத்தின் பெரட்டில் பெயர். இந்த வேற்றுமை பின்னர் எவ்வளவு பெரிதாயிற்று என்பதை முடிவில் காண்போம்.

மனம் ஏன் விடுவதில்லை?

எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் 1885இல் மறதியை அளந்து காட்டினார். பொருளற்ற அசைகளைத் தாமே மனனம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று பார்த்தார். ஒரு மணி நேரத்திற்குள்ளேயே பாதிக்கு மேல் போய்விட்டது. படை எண்ணும் பொருளற்ற இலக்கங்களின் கோவைதானே? அது மட்டும் நிலைப்பது எவ்வாறு?

முதற்காரணம் தேவைக்கு மிஞ்சிய பயிற்சி. ஒரு பாடம் பிழையின்றி வந்தவுடன் நிறுத்திவிட்டால் அது விரைவில் நழுவும். வந்த பின்பும் நூறு முறை, ஆயிரம் முறை சொன்னால் ஊறிவிடும். சம்பளம் வாங்கும்போது எண், உடுப்பு வாங்கும்போது எண், விடுப்பு கேட்கும்போது எண், தண்டனை பெறும்போதும் எண். தவறாகச் சொன்னால் சம்பளம் கிடைக்காது, ஏச்சு கிடைக்கும். அமெரிக்க உளநூலார் பாரிக் என்பவர், பள்ளியில் ஸ்பானிய மொழி பயின்ற எழுநூற்றுக்கு மேற்பட்டோரை ஆராய்ந்து 1984இல் முடிவுகளை வெளியிட்டார். முதல் சில ஆண்டுகளில் அவர்கள் பலவற்றை மறந்தனர். அதன்பின் எஞ்சியது இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலும் குறையாமல் நின்றது. ஆழமாகக் கற்றவர்க்கு எஞ்சியதும் மிகுதி. மனத்தில் அழியாத ஓர் அடுக்கு உண்டு என்பது அவர் கருத்து.

இரண்டாவது காரணம் வயது. பதினெட்டு, இருபது வயதில் நடந்தவை முதுமையில் மிகத் தெளிவாக நினைவுக்கு வருகின்றன என்று ஆய்வாளர் கண்டுள்ளனர். முதன்முதல் வீட்டை விட்டுப் போனது, முதற்சம்பளம், முதல் அச்சம் எல்லாம் அப்பருவத்தைச் சேர்ந்தவை. எண் அவற்றோடு பின்னிக் கிடக்கிறது.

மூன்றாவது காரணம் ஓசை. ஒரே மூச்சில் மனம் பிடிக்கக்கூடியவை ஏறத்தாழ ஏழு என்று ஜார்ஜ் மில்லர் 1956இல் எழுதினார். எட்டிலக்க எண் அந்த எல்லையில் நிற்பது. ஆகையால் வீரர்கள் அதை இரண்டு, மூன்று, மூன்று என்று பிரித்துச் சொன்னார்கள். ஒரே பெயருடையோர் பலர் இருந்தால் பெயரோடு கடைசி மூன்று இலக்கங்களைச் சேர்த்து அழைப்பது பிரிட்டிஷ் படை வழக்கம். தமிழாசிரியர் இதைப் படித்ததும் புன்முறுவல் கொள்வர். எழுத்து அசையாகி, அசை சீராகி நிற்பதால்தானே நாலடியும் நாவில் நிற்கின்றன? திண்ணைப் பள்ளியில் எண்சுவடியை ஓசையோடு முழங்கிய நம் முன்னோர் கண்ட வழியும் இதுவே. மனனம் என்பதைப் பழம்பாணி என்று ஒதுக்குவோர், அரைநூற்றாண்டு கடந்தும் அழியாத இந்த எட்டு இலக்கங்களை எண்ணிப் பார்க்க வேண்டும்.

எண் காத்தவை

போரில் சிறைப்பட்டவர் பகைவர்க்குச் சொல்லக் கடமைப்பட்டவை மிகச் சிலவே. 1949ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையின்படி அவை பெயர், படைநிலை, பிறந்த நாள், படை எண். அந்த எண் செஞ்சிலுவைச் சங்கத்தின் வழியே ஊருக்குப் போகும்; பிள்ளை உயிரோடு இருக்கிறான் என்பதைத் தாய் அறிவாள்.

இறந்தவர்க்கும் எண் உதவுகிறது. தைப்பிங் போர்க் கல்லறைத் தோட்டத்தில் எண்ணூற்றுக்கு மேற்பட்ட வீரர்க்கு நினைவுக் கற்கள் உள்ளன. அடையாளம் தெரிந்தவர் கல்லில் எண், படைநிலை, பெயர் ஆகியவை பொறிக்கப்பட்டிருக்கும். பாதிக்கு மேற்பட்டோர் அடையாளம் அறியப்படாதவர். அவர் கல்லில் எண்ணும் இல்லை, பெயரும் இல்லை. பழந்தமிழர் நடுகல்லில் வீரனுடைய பெயரையும் அவன் பெருமையையும் எழுதிவைத்தனர். யார் இவர் என்பதற்குக் கல் விடை சொல்ல வேண்டும் என்ற எண்ணம் இரண்டிலும் ஒன்றே.

உயிரோடிருப்பவர்க்கும் எண்ணே சான்று. மலாயா அவசரகாலப் பணிக்கு பிரிட்டன் அளித்த பதக்கத்தின் விளிம்பில் வீரரின் எண் பொறிக்கப்பட்டிருக்கிறது. பெயர் எவ்வாறு எழுதப்பட்டிருப்பினும் அதைக் கொண்டு ஆளை உறுதி செய்யலாம். ஏடுகளோ தீக்கு இரையாகக் கூடியவை. 1940இல் லண்டனில் விழுந்த குண்டுகள் முதல் உலகப் போர் வீரர்களின் பணிக்குறிப்புகளில் பெரும்பகுதியை எரித்தன. 1973இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத் தீயில் ஒருகோடியே அறுபது இலட்சத்திற்கு மேற்பட்ட வீரர்களின் கோப்புகள் அழிந்தன. அத்தகைய நிலையில், முதியவர் வாயிலிருந்து வரும் எண்ணே, மற்ற ஏடுகளில் அவரைத் தேடிக் கண்டுபிடிக்கும் நூலாகிறது.

எண்ணில்லாதவர்

எண் நினைவில் இருந்தால் மட்டும் போதாது; அதற்கு ஈடான ஏட்டைக் காக்கும் அரசும் இருக்க வேண்டும். 1943இல் நேதாஜியின் அழைப்பைக் கேட்டு இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்த தோட்டத் தமிழர் பலர். ஜான்சி ராணிப் படையில் சேர்ந்த பெண்களும் உண்டு. 1945இல் அப்படை கலைந்தபோது அதன் ஏடுகளைப் பொறுப்பேற்றுக் காக்க அதன் அரசு இல்லை. 1972இல் இந்திய அரசு விடுதலைப் போராட்ட வீரர்க்கு ஓய்வூதியம் வகுத்தபோது, எழுத்துச் சான்றில்லாதவர் உடனிருந்த கைதிகளின் சான்றுரையைத் தேட வேண்டியதாயிற்று.

இவர்களிலும் துயரம் மிக்கவர் சயாம்–பர்மா இரயில் பாதைக்குச் சென்றவர். 415 கிலோமீட்டர் நீண்ட அப்பாதையை 1942–43இல் ஜப்பானியர் அமைத்தனர். அங்கு வேலை செய்த நேசநாட்டுப் போர்க்கைதிகள் ஏறத்தாழ 60,000 பேர். மாண்டவர் 12,000க்கு மேல். அவர்களுக்கு எண் இருந்தது. முகாமில் யார் எந்நாளில் இறந்தார் என்பதை உடனிருந்தோர் மறைவாகவேனும் குறித்து வைத்தனர். ஆதலால் காஞ்சனபுரியில் மட்டும் ஏறக்குறைய 7,000 கல்லறைகள் வரிசையாக நிற்கின்றன. ஆசியத் தொழிலாளரோ அவர்களினும் பன்மடங்கினர். கெடா உள்ளிட்ட மாநிலங்களின் தோட்டங்களிலிருந்து சென்ற தமிழர் அவர்களுள் பெருந்தொகையினர். மாண்டவர் 90,000 வரை இருக்கலாம் என்று கணிக்கின்றனர். 'இருக்கலாம்' என்ற அந்தச் சொல்லைக் கவனியுங்கள். வீரரை எண்ணிச் சொல்கிறோம். தொழிலாளரைக் கணித்துச் சொல்கிறோம். பெரட்டில் பெயர் கூப்பிடப்பட்டுப் போனவர், திரும்பாதபோது எந்த ஏட்டிலும் இல்லை.

ஆசிரியர் செய்யத்தக்கது

அவசரகாலத்தில் இருபது வயதினராயிருந்தோர் இன்று தொண்ணூறை நெருங்கியவர் அல்லது கடந்தவர். பாலிங், குப்பாங், கோல கெட்டில், கூலிம் பக்கங்களில் படையிலோ காவற்படையிலோ பணியாற்றிய பெரியவர் எஞ்சியிருந்தால், தமிழ்ப்பள்ளி மாணவரைக் கொண்டு அவர் எண்ணை எழுதி வாங்கலாம். தாளில் உள்ள பெயர், வீட்டில் வழங்கும் பெயர், படைப்பிரிவு, சேர்ந்த ஆண்டு, பிறந்த தோட்டம் ஆகியவற்றையும் உடன் குறிக்க வேண்டும். எண்ணை அவர் சொல்லும் ஓசையிலேயே, அவர் நிறுத்தும் இடங்களில் இடம் விட்டு எழுதுவது நலம். இலக்கம் இடம் மாறாமல் இருக்கும்.

எண்ணில்லாதவர் வீடுகளிலும் அதே கையேட்டைத் திறக்க வேண்டும். சயாமுக்குப் போய்த் திரும்பாத பாட்டன் பெயர், அவர் தந்தை பெயர், புறப்பட்ட தோட்டம், புறப்பட்ட ஆண்டு என இந்நான்கும் சேர்ந்தால் ஓர் எண்ணுக்கு நிகர். தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீடமைப்புப் பகுதிகளாகியும் வரும் இக்காலத்தில், தோட்டத்தின் பெயரே இன்னும் சில ஆண்டுகளில் ஆளை அடையாளம் காட்ட உதவாமல் போகலாம். படைவீரர்க்குப் படை எண் கொடுத்தது. இவர்களுக்கு அத்தகைய குறிப்பை இன்று கொடுக்கக்கூடியவர் பெயரை இன்னும் நினைவில் வைத்திருக்கும் பேரப்பிள்ளைகளே.