ஒளியில் வரும் ஒலி: ஆப்டிகல் கேபிளை எப்படித் தேர்ந்தெடுப்பது?

புது சவுண்ட்பார் வீட்டுக்கு வந்துவிட்டது. டிவியின் முதுகுப்பக்கம் எட்டிப் பார்த்தால் வரிசையாகத் துளைகள். அவற்றில் ஒன்று மட்டும் கிட்டத்தட்டச் சதுரமாக இருக்கும். பல டிவிகளில் அதைக் குட்டிக் கதவு ஒன்று மூடியிருக்கும். கதவைத் தள்ளினால் உள்ளே சிவப்பு வெளிச்சம் தெரியும். அதுதான் ஆப்டிகல் துளை.

அதற்கான கேபிளை வாங்கக் கடைக்குப் போகும்போதுதான் குழப்பம் தொடங்குகிறது. ஒரே நீளத்தில் ஒன்று மலிவாக இருக்கும். பக்கத்தில் தொங்கும் இன்னொன்று, தங்க முலாம் பூசிய முனையும் தடித்த பின்னலுறையுமாகப் பல மடங்கு விலை சொல்லும். விலை கூடினால் ஒலியும் மேம்படுமா? மேம்படாது. காரணம் புரிந்துவிட்டால், எந்தக் கேபிளை வாங்குவது என்பதை நீங்களே முடிவு செய்துவிடலாம்.

உள்ளே என்ன நடக்கிறது?

இந்த இணைப்புக்கு டாஸ்லிங்க் என்று பெயர். சிடி பிளேயரையும் ஆம்ப்ளிஃபயரையும் இணைப்பதற்காக ஜப்பானின் தோஷிபா நிறுவனம் 1983-இல் கொண்டுவந்தது. இதில் பயணிக்கும் தரவின் வடிவத்தை வகுத்தவை சோனி, பிலிப்ஸ் நிறுவனங்கள்.

சாதாரண ஆடியோ வயரில் மின்சாரம் ஓடும். ஆப்டிகல் கேபிளில் ஓடுவது ஒளி. டிவியில் இருக்கும் சிறிய எல்இடி விளக்கு, விநாடிக்குப் பல லட்சம் முறை அணைந்து எரிகிறது. சுமார் 1 மில்லிமீட்டர் தடிமனுள்ள பிளாஸ்டிக் இழை வழியே அந்த ஒளி மறுமுனைக்குப் போகிறது. அங்கே சவுண்ட்பார் அந்த மினுக்கலைப் படித்து, ஒன்றும் சுழியமுமான எண்களாக மாற்றி, அவற்றிலிருந்து ஒலியை உருவாக்குகிறது. சிடி தரத்து ஸ்டீரியோ ஒலிக்கு விநாடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட், இரண்டு தடங்கள். பெருக்கினால் 14,11,200 பிட். இந்தச் சுமையைச் சாதாரண பிளாஸ்டிக் இழையே எளிதாகச் சுமந்துவிடும்.

விலை ஏன் ஒலியை மாற்றாது?

கேபிளில் போவது எண்கள்தான். வந்து சேரும் வெளிச்சம் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும், எரிகிறதா அணைந்திருக்கிறதா என்று பிரித்தறிய முடிந்தால் போதும். எண் சரியாக வந்துவிடும். ஒலியும் அப்படியே இருக்கும். பிரித்தறிய முடியாத அளவுக்கு ஒளி குறைந்தால், தவறிய பிட்டைத் திரும்ப அனுப்பும்படி கேட்க வழியில்லை. இது ஒருவழிப் பாதை. அப்போது ஒலி விட்டுவிட்டு வரும், ‘டிக் டிக்’ என்று வெட்டும், அல்லது அடியோடு நின்றுபோகும். ‘பேஸ் கொஞ்சம் குறைகிறது, குரல் கொஞ்சம் மங்குகிறது’ என்ற இடைப்பட்ட நிலை ஆப்டிகல் கேபிளால் வருவதில்லை.

தங்க முலாமுக்கும் இங்கே வேலையில்லை. மின்சாரம் பாயும் முனையில் துரு ஏறாமல் காப்பது தங்கம். ஒளி பாயும் முனையில் அது வெறும் அலங்காரம். பிளாஸ்டிக்குக்குப் பதில் கண்ணாடி இழை போட்ட கேபிள்கள் ஒளியைக் குறைவாக இழக்கும் என்பது உண்மைதான். ஆனால், 2 மீட்டர் தூரத்தில் பிளாஸ்டிக்கே போதுமான ஒளியைச் சேர்த்துவிடுவதால், அதனால் காதுக்குக் கிடைக்கும் ஆதாயம் எதுவுமில்லை.

ஆப்டிகலா, ஹெச்டிஎம்ஐயா?

கேபிள் வாங்குமுன் இந்தக் கேள்விக்கு விடை தேடுங்கள். ஆப்டிகல் வழியே தரமான ஸ்டீரியோ போகும். சுருக்கப்பட்ட 5.1 டால்பி டிஜிட்டல், டிடிஎஸ் ஒலிகளும் போகும். டால்பி ட்ரூ ஹெச்டி, டிடிஎஸ் ஹெச்டி மாஸ்டர் ஆடியோ, டால்பி அட்மாஸ் ஆகியவை போகாது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் போகாது. அட்மாஸ் வசதியுள்ள சவுண்ட்பார் வாங்கியவர் ஆப்டிகலில் இணைத்தால், கொடுத்த காசில் ஒரு பகுதியைப் பயன்படுத்தாமலே விட்டுவிடுகிறார்.

2009-இல் வந்த ஹெச்டிஎம்ஐ 1.4 பதிப்பு ‘ஆர்க்’ என்ற வசதியைத் தந்தது. டிவியின் ஒலி அதே ஹெச்டிஎம்ஐ கேபிளில் சவுண்ட்பாருக்குத் திரும்பி வரும். டிவி ரிமோட்டிலேயே ஒலியைக் கூட்டிக் குறைக்கலாம். 2017-இல் வெளியான 2.1 பதிப்பின் ‘இ-ஆர்க்’ சுருக்கப்படாத பல தட ஒலியையும் கொண்டு வருகிறது. டிவி, சவுண்ட்பார் இரண்டிலும் ‘ஆர்க்’ என்று எழுதிய துளை இருந்தால் முதலில் அதையே பயன்படுத்துங்கள்.

அப்படியானால் ஆப்டிகல் எதற்கு? ஆர்க் இல்லாத பழைய டிவி, பழைய ஏவி ரிசீவர், ஹெச்டிஎம்ஐ துளைகள் எல்லாம் நிரம்பிவிட்ட வீடு ஆகியவற்றுக்கு இது நல்ல வழி. இன்னொரு முக்கியமான பயனும் உண்டு. டிவி, கேபிள் டிவி வயர், ஆம்ப்ளிஃபயர் ஆகியவை வெவ்வேறு இடங்களில் எர்த் ஆகும்போது ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்...’ என்று 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் கேட்பதுண்டு. ஆப்டிகல் இழையில் மின்சாரம் பாயாது என்பதால், இரண்டு கருவிகளுக்கும் இடையே அந்தத் தொடர்பு அறுந்துவிடும். அந்த வழியாக வந்த ரீங்காரமும் நின்றுவிடும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

நீளம்தான் முதல் கணக்கு. கேபிள் போகும் வழியெல்லாம் டேப் வைத்து அளந்து, அரை மீட்டர் கூட்டிக்கொள்ளுங்கள். 5 மீட்டர் வரை பொதுவாகச் சிக்கல் வராது. 10 மீட்டரை நெருங்கும்போது ஒளி இழப்பு தலைகாட்டலாம். தேவைக்கு மேல் நீளமாக வாங்கிச் சுருட்டி வைப்பதிலும் பயனில்லை.

அடுத்தது முனை. டிவிக்கும் சவுண்ட்பாருக்கும் இரு பக்கமும் சதுர முனை வேண்டும். சில மடிக்கணினிகளிலும் கையடக்கப் பிளேயர்களிலும் ஹெட்போன் துளை போன்ற வட்டமான 3.5 மில்லிமீட்டர் ஆப்டிகல் துளை இருக்கும். அதற்கு ஒரு பக்கம் வட்ட முனையுள்ள கேபிளோ அடாப்டரோ தேவை. டிவியைச் சுவரில் மாட்டியிருந்து, துளை சுவரைப் பார்த்து இருந்தால் எல் வடிவ அடாப்டர் கைகொடுக்கும்.

மூன்றாவது உறுதி. முனை ‘க்ளிக்’ என்று பிடித்து நிற்க வேண்டும். தளர்வாக ஆடக் கூடாது. வெளியுறை நசுங்காத அளவுக்குத் திடமாக இருந்தால் போதும்.

மாட்டும்போது

முனைகளில் இருக்கும் சிறிய பிளாஸ்டிக் மூடிகளைக் கழற்ற மறக்காதீர்கள். கண்ணாடி போல் தெளிவாக இருப்பதால் பலர் கவனிக்காமல் அப்படியே சொருகிவிடுகிறார்கள். முனையின் ஒரு பக்கம் மூலைகள் மழுங்கியிருக்கும். அதைத் துளையின் வடிவத்தோடு பொருத்தி மெதுவாக அழுத்துங்கள், திருகாதீர்கள். கேபிளைக் காகிதம் போல் மடிக்காமல், வளைய வேண்டிய இடத்தில் அகலமாக வளைத்து விடுங்கள். ஒருமுறை மடிந்து உடைந்த இழையை ஒட்டவைக்க முடியாது.

சத்தம் வரவில்லையா?

டிவியில் ஒரு முனையை மாட்டி, மறுமுனையைச் சற்றுத் தள்ளிப் பிடித்துப் பாருங்கள். சிவப்புப் புள்ளி தெரிந்தால் ஒளி வருகிறது என்று பொருள். பிறகு சவுண்ட்பாரில் ஆப்டிகல் இன்புட்டைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். அதுவும் சரியென்றால், டிவியின் ஒலி அமைப்பில் டிஜிட்டல் அவுட்புட்டை ‘பிசிஎம்’ என்று மாற்றிப் பாருங்கள். டிவி டால்பியாக அனுப்ப, சவுண்ட்பாருக்கு அதைப் படிக்கத் தெரியாவிட்டால் மௌனம்தான் மிஞ்சும். பிசிஎம் ஒலியை எல்லாச் சவுண்ட்பாரும் படிக்கும்.

சரியான நீளம், இறுகப் பிடிக்கும் முனை, மடியாத பாதை. இந்த மூன்றும் அமைந்தால் மலிவான கேபிளே தன் வேலையை முழுமையாகச் செய்துவிடும். விலை உயர்ந்த கேபிளுக்கு ஒதுக்கிய பணத்தை ஸ்பீக்கருக்குச் செலவிடுங்கள். அந்த வித்தியாசம் காதுக்குக் கேட்கும்.