ஒரு வரி விட்டுப்போன சீட்டு!

குழந்தை சிரிக்கும், முகம் பார்க்கும். ஆனால் தலை நிற்காது, கால் தூக்காது. எஸ்.எம்.ஏ. என்ற பரம்பரை நோய் அது. தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் வாடிவிடும்.

அவற்றுக்கு வேண்டிய புரதத்தைத் தரும் ஜீன் பழுது. உபரி ஜீன் ஒன்று உண்டு. பிறகு என்ன கஷ்டம்?

ஜீன் எழுதி அனுப்பும் சீட்டுதான் ஆர்.என்.ஏ. அதைப் பார்த்தே உயிரணு புரதம் செய்கிறது. உபரி ஜீனின் சீட்டில் வேறொரு புரதம் வந்து ஒட்டிக்கொள்கிறது. ஒரு பகுதி விட்டுப்போகிறது! (ஒட்டும் புரதம் கெட்டதல்ல, எத்தனையோ சீட்டுகளைச் சீர்படுத்துவதும் அதுதான்.)

அந்த இடத்தை மூடிவிட்டால்? அமெரிக்காவில் ஏட்ரியன் கிரைனர் குழுவினர், ஒரு மருந்துக் கம்பெனியுடன் சேர்ந்து அதைச் செய்தார்கள். 2016 டிசம்பரில் மருந்துக்கு அங்கே அனுமதி கிடைத்தது. முதுகில் ஊசி, முதலில் 4 முறை, பிறகு 4 மாதத்துக்கு ஒன்று.

செத்த நரம்பணு திரும்பாது. ஆனால் நோய் தெரியுமுன்பே ஊசி போட்ட குழந்தைகளில் பலர் நடந்தார்கள்!