மானாம்பதியில் ஐரிஸ் ஏன் பூப்பதில்லை?

காஷ்மீரில் கல்லறை மேட்டில்கூட ஐரிஸ் பூக்கிறது. நம் மானாம்பதியில் எவ்வளவு சீராட்டினாலும் இலைதான் மிஞ்சும். ஏன்?

கீழிதழில் தாடிபோல் மயிர் கொண்ட இந்த ஐரிஸ், பல வாரக் குளிர் பட்டால்தான் நன்றாகப் பூக்கும். நம் மார்கழி இரவே 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கிறது. அடுத்த எதிரி ஐப்பசி மழை. இதன் கிழங்கு முதுகு வெயிலில் காய வேண்டிய ரகம். குளிர்நாடுகளில் மேற்பாதி வெளியே தெரியத்தான் நடுவார்கள். ஏரிக்கரைக் களிமண்ணில் நீர் தேங்கினால் பாக்டீரியா புகுந்து, நாற்றமடிக்கும் கூழாக்கிவிடும்.

கிழங்கிலிருந்து பூக்கும் செடிதான் வேண்டுமென்றால் நம் செங்காந்தள் இருக்கிறது. வடிகால் உள்ள இடத்தில், ஆடியில் நடுங்கள். கலப்பை வடிவக் கிழங்கின் நுனியிலுள்ள முளை ஒடிந்தால் துளிர்க்காது. செடி முழுக்க கொல்கிசின் நஞ்சு. குழந்தைகள், ஆடுமாடுகள் எட்டாத வேலியோரம் வையுங்கள்.