ஒரு சாணுக்குள் ஒரு போர் விமானம்

மட்டாஞ்சேரிக் கரையில் நின்றால் எதிரே வில்லிங்டன் தீவு. அங்கே கடற்படையின் ஐ.என்.எஸ். கருடா விமானத் தளம் 1953 முதல் இயங்குகிறது. அங்கே எழும் விமான இரைச்சலைக் கேட்டே வளரும் பிள்ளைகளுக்கு விமான மாதிரி செய்யும் ஆசை வராமல் இருக்குமா?

அவர்கள் தேடிப் பிடிக்க வேண்டிய ஒன்று, போலந்தின் பழைய போர் விமானம் பி.இசட்.எல். பி-11. போலந்து நிறுவனமான ஆர்மா ஹாபி இதை 72-இல் ஒரு பங்கு அளவில், பிளாஸ்டிக் துண்டுகளாக விற்கிறது. நிஜ விமானத்தின் இறக்கை விரிவு 10.72 மீட்டர், ஒட்டி முடித்தால் சுமார் 15 சென்டிமீட்டர்.

பொறுமையைச் சோதிப்பதும் அந்த இறக்கைதான். உடலோடு சேரும் இடத்தில், பறக்கும் கடற்காக்கையின் சிறகுபோல வளைந்து மெலியும். விமானியின் பார்வையை மறைக்காதிருக்க சிக்மண்ட் புவாவ்ஸ்கி என்ற பொறியாளர் வகுத்த வடிவம் அது. தாங்கு கம்பிகளைப் பசை காய்வதற்குள் நேராக்கிவிட வேண்டும். பிறகு வண்ணம்: மேலே காக்கி, அடியில் வெளிர் நீலம். இறக்கையை வகுத்த புவாவ்ஸ்கியோ 1931-இல், முப்பது வயது நிறையும் முன்பே, தாம் ஓட்டிய விமானம் விழுந்து இறந்தார்.

1939 செப்டம்பர் 1-இல் ஜெர்மனி போலந்தின் மீது படையெடுத்தபோது, வேகத்தில் ஜெர்மன் போர் விமானமான மெஸ்ஸர்ஷ்மிட்டுக்கு ஈடில்லாத இந்த விமானம் முதல் நாளே எதிரி விமானங்களை வீழ்த்தியது.

போலந்து விமானம் நமக்கும் அந்நியமல்ல. 1970-களில் வாங்கிய இஸ்க்ரா ஜெட்டுகளில்தான் நம் விமானப்படை வீரர்கள் பலர் பயிற்சி பெற்றார்கள்.

அசல் பி-11-களில் இன்று மிஞ்சியிருப்பது ஒன்றே ஒன்று. போலந்தின் கிராகோவ் நகர விமான அருங்காட்சியகத்தில் இருக்கிறது.