மோட்டார் வண்டியின் மேனியைப் பேணுதல்

புதிய மோட்டார் வண்டி வாங்குவது இந்நாட்டிலே இக்காலத்தில் எளிய காரியமன்று. அந்நியச் செலாவணி நெருக்கடியினால் 2020 மார்ச் மாதத்தில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அனுமதி கிடைத்த பின்பும் வரிச்சுமை பலரைத் தூரத்திலேயே நிறுத்தி வைத்தது. ஆகவே, முற்றத்திலே நிற்கும் பழைய வண்டியையே இன்னும் பல ஆண்டுகளுக்குக் காப்பாற்ற வேண்டிய நிலையில் அநேக குடும்பங்கள் இருக்கின்றன. இயந்திரம் பழுதுபட்டால் கராச்சிலே திருத்திக்கொள்ளலாம். தகடு கறள் பிடிக்கத் தொடங்கிவிட்டாலோ செலவுக்கு முடிவே இல்லை. அத்தகட்டுக்கு உள்ள முதற் காவல் அதன்மேற் பூசப்பட்ட வர்ணமேயாகும்.

அந்தக் காவல் எவ்வளவு மெல்லியது என்பதைப் பலர் அறியார். இக்காலக் கார்களில் பெரும்பாலும் கறள் தடுக்கும் பூச்சு, அடிப்பூச்சு, நிறப்பூச்சு, யாவற்றுக்கும் மேலே கண்ணாடி போன்ற நிறமற்ற பூச்சு என நான்கு படைகள் உள்ளன. நான்கையும் சேர்த்தாலும் ஒரு மில்லிமீற்றரின் பத்தில் ஒரு பங்கு, அல்லது அதற்குச் சற்று மேல். மேலுள்ள நிறமற்ற படை பெரும்பாலும் ஒரு தலைமயிரின் தடிப்பளவுகூட இராது. பளபளப்பு முழுவதும் அதனிடமே தங்கியிருக்கிறது. ஒப்புரவான பரப்பிலே படும் ஒளி ஒழுங்காகத் தெறிக்கும். நுண்ணிய கீறல்கள் நிறைந்த பரப்பிலே பட்டால் நாலாபக்கமும் சிதறும். இச்சிதறலையே நாம் ‘மங்கிவிட்டது’ என்கிறோம்.

இக்கீறல்களை உண்டாக்குபவர் யார்? தெருவும் வெயிலும் என்று சொல்லிவிடுவோம். அவற்றுக்கும் பங்குண்டு. ஆனால், பெரும் பங்கு காலைதோறும் அன்போடு வண்டியைத் துடைக்கும் கைக்கே உரியது. யாழ்ப்பாணக் குடாநாட்டை எடுத்துக்கொள்வோம். வலிகாமத்துச் செம்மண் புழுதியிலே கண்ணுக்குத் தெரியாத மணற்றுகள்கள் கலந்திருக்கின்றன. உலர்ந்த பழந்துணியால் அதைத் துடைப்பது மெல்லிய அரத்தாளால் தேய்ப்பதற்கு ஒப்பாகும். புழுதி படிந்த கார் பார்வைக்கு அழகில்லைத்தான். எனினும் கழுவ நேரமில்லாத நாளில் அதை அப்படியே விட்டுவிடுவதே மேல். இறகுத் துடைப்பமும் இவ்விஷயத்தில் குற்றமற்றதன்று. அழுக்கான வண்டியின்மேல் போர்வை போடுவதும் தவறு. காற்று போர்வையை அசைக்க அசைக்கப் புழுதி அரைபடும்.

கழுவுவதற்கு வெயில் ஏறாத காலை வேளையே ஏற்றது. தகடு கையிலே சுடுமானால் ஆறும்வரை பொறுத்திருங்கள். முதலிலே தாராளமாக நீரை ஊற்றிப் புழுதியைத் தானாகவே ஓடவிட வேண்டும். பின்பு இரண்டு வாளிகள் வேண்டும். ஒன்றிலே கார் கழுவும் சவர்க்கார நீர், மற்றதிலே வெறும் நீர். துணியைச் சவர்க்கார நீரில் தோய்த்துக் கழுவிய பின், வெறும் நீரில் அலசிவிட்டே மீண்டும் சவர்க்கார வாளியில் இட வேண்டும். ஒரே வாளியைப் பயன்படுத்தினால் கழுவி எடுத்த மணலையே திரும்பவும் பூசிக்கொண்டிருப்போம். கூரையில் தொடங்கிக் கீழ்நோக்கி வருக. சில்லுகளுக்கு வேறு துணி வைத்துக்கொள்க. பாத்திரம் கழுவும் சவர்க்காரம் எண்ணெய்ப் பசையோடு மெழுகையும் அகற்றிவிடும்; அது குசினியிலேயே இருக்கட்டும். இவ்வேலையைப் பிள்ளைகளிடம் விடுகின்ற பெற்றோர் மோதிரம், கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றிவைக்கச் சொல்ல வேண்டும். கீழே விழுந்த துணியை நன்றாக அலசாமல் மீண்டும் வண்டியிலே வைக்கக் கூடாது.

குடாநாட்டு வாசகர்களுக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். நம் கிணறுகள் சுண்ணாம்புக் கல்லிலே வெட்டப்பட்டவை. கேத்திலின் உட்புறத்தில் வெள்ளையாகப் படிகின்ற அதே சுண்ணாம்புதான், காரின்மேல் தானாகக் காயவிட்ட நீர்த்துளிகளிலிருந்தும் படிகிறது. வட்டவட்டமான அவ்வெள்ளைத் தழும்புகள் நாட்பட்டால் எளிதிலே போகா. கழுவிய உடனே மென்மையான துவாயால் ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டால் இத்தொல்லை இல்லை. மாரியிலே சேர்த்துவைத்த மழைநீர் இருந்தால் கடைசி அலசலுக்கு அதுவே மிகச் சிறந்தது. புதிய தழும்புகளுக்கு நீர் கலந்த வினாகிரியைத் துணியில் நனைத்து மெதுவாக ஒற்றி, உடனே நல்ல நீரால் அலசலாம்.

சோளகக் காற்று வீசும் மாதங்களிலே கரையோர ஊர்களில் உப்பும் வந்து படியும். உப்பு ஈரத்தை ஈர்த்து வைத்திருக்கும் இயல்புடையது. கதவுகளின் கீழ்விளிம்பு, சில்லுகளின் உட்புறம், வண்டியின் அடிப்பாகம் ஆகியவற்றுக்கு அப்பருவத்திலே அடிக்கடி நீரடிப்பது அவசியம். மரநிழல் நல்லதெனினும் அங்கே காகங்களும் இருக்கின்றன. பறவை எச்சத்திலே அமிலம் உண்டு. வெயிலேறினால் அது மேற்படையை அரித்து, அழியாத தழும்பாக்கிவிடும். கண்டவுடன் ஈரத்துணியை அதன்மேல் சற்றுநேரம் போட்டு, ஊறியபின் எடுத்துவிடுக. உலர்ந்ததைச் சுரண்டக் கூடாது.

மண்ணெண்ணெய் தடவினால் வண்டி மின்னும் என்ற நம்பிக்கை நம்மிடையே இன்னும் உண்டு. தொண்ணூறுகளிலே பெற்றோல் தடைப்பட்டிருந்தபோது யாழ்ப்பாணத்துக் கார்களை ஓடவைத்தது மண்ணெண்ணெயே. அந்த நன்றியை மறக்க வேண்டியதில்லை. ஆயினும் மேனியிலே அது தருவது சிறுபொழுதுப் பளபளப்பு மட்டுமே. இருந்த மெழுகையும் கரைத்து, புழுதியையும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

இனி, கடையிலே வாங்கும்போது பலர் மயங்குகின்ற ஒரு விஷயம். பொலிஷ் வேறு, மெழுகு வேறு. பொலிஷ் வர்ணத்தின் மேற்பரப்பைச் சிறிது சிறிதாகத் தேய்த்து எடுத்தே கீறலை மறைக்கிறது. மெழுகோ எதையும் எடுக்காமல் மேலே ஒரு காப்பு இடுகிறது. தேய்த்து எடுத்த வர்ணம் திரும்பி வராது. ஆகவே பொலிஷை அருமையாகவும், மெழுகை அடிக்கடியும் உபயோகிப்பதே என் அபிப்பிராயம். ஒஸ்ரின், மொறிஸ் மைனர் போன்ற பழைய வண்டிகளை வைத்திருப்போர் இன்னும் கவனமாயிருக்க வேண்டும். மறைவான ஓரிடத்தில் வெள்ளைத் துணியில் சிறிது பொலிஷ் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். காரின் நிறம் துணியில் ஏறினால் அவ்வண்டிக்கு நிறமற்ற மேற்படை இல்லை. ஒவ்வொரு தேய்ப்பிலும் நிறமே கழிகிறது.

மெழுகிலே புகழ்பெற்றது கார்நவுபா. பனைநாட்டவராகிய நமக்கு இச்செய்தி உவப்பாயிருக்கும்: அது பிரேசில் நாட்டின் வடகிழக்கிலே வளரும் ஒருவகைப் பனையின் ஓலையிலிருந்து எடுக்கப்படுவது. வறண்ட அந்நிலத்தில் தன் ஈரத்தைக் காத்துக்கொள்ள அம்மரம் ஓலையின்மேல் மெழுகைப் பூசிக்கொள்கிறது. ஏறத்தாழ 80 பாகை செல்சியசுக்கு மேலேதான் அது உருகும். செயற்கைப் பூச்சுகள் இதனினும் நெடுங்காலம் நிற்கும் என்பது உண்மையே. அவற்றின் விலையும் அதற்கேற்றது.

கல் தெறித்துத் தகடு தெரிகின்ற இடங்களை முதலில் கவனிக்க வேண்டும். அங்கே தொடங்கும் கறள் வர்ணத்தின் அடியிலே மறைந்து பரவும். சுத்தமாக்கி உலர்த்தி, அதே நிறத்துப் பெயின்ற்றைச் சிறு தூரிகையால் தொட்டு வைத்து, அது நன்றாகக் காய்ந்த பின்பே மெழுகிட வேண்டும். மெழுகு எத்தனை நாளைக்கு என்று நாட்காட்டி பார்க்கத் தேவையில்லை. அடுத்த மழையில் பொனற்றைக் கவனியுங்கள். நீர் முத்துமுத்தாகத் திரண்டு உருண்டால் மெழுகு இருக்கிறது. பாயாகப் பரந்து நின்றால் மறுபடி பூசும் நாள் வந்துவிட்டது.