எச்சரிக்கை விளக்கும் பழைய காரும்

பர்கூர் வழியாகச் சென்னைக்கும் பெங்களூருக்கும் செல்லும் கார்களில் பத்தாண்டுகளைக் கடந்தவையும் உண்டு. அத்தகைய பெட்ரோல் காரில் என்ஜின் எச்சரிக்கை விளக்கு எரிந்து, சோதனைக் கருவி 'பி0420' என்று காட்டினால், 'கேட்டலிடிக் கன்வர்ட்டர்' எனப்படும் வினையூக்கி மாற்றியையே புதிதாக வாங்க வேண்டுமா?

பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய அரிய உலோகங்கள் பூசப்பட்ட இச்சாதனம், புகையிலுள்ள நச்சு வாயுக்களைத் தீங்கு குறைந்தவையாக மாற்றுகிறது. இதன் முன்னும் பின்னும் ஆக்சிஜன் உணரிகள் உள்ளன. முன்னுள்ளதன் அளவு ஏறி இறங்கும். பின்னுள்ளது ஏறத்தாழ நிலையாக இருக்க வேண்டும். பின்னுள்ளதும் முன்னுள்ளதைப் போலவே அலைந்தால் அக்குறியீடு பதிவாகும்.

ஆனால், புகைக்குழாய்க் கசிவும் உணரியின் பழுதும்கூட இதே தோற்றத்தைத் தரக்கூடும். மேலும், பழுதான பிளக்கால் எரியாமல் வெளியேறும் பெட்ரோல், வினையூக்கியை அளவுமீறிச் சூடேற்றிச் சிதைக்கும். தேய்ந்த என்ஜினில் எரியும் ஆயிலும் அதன் திறனைக் குறைக்கும். இவற்றைச் சீர்செய்யாவிடில் புதிய சாதனமும் விரைவில் பழுதாகும். எனவே, செலவு குறைந்த சோதனைகளே முதலில் தேவை.

விற்பவர் அறிந்ததை வாங்குபவர் அறியாதபோது சந்தை சீர்குலையும் என்பதைப் பொருளியலாளர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970-இல் பழைய கார்களைக் கொண்டே விளக்கினார். பழுதுநீக்கும் பணிமனைக்கும் இது பொருந்தும். உணரிகளின் அளவுகளைக் காட்டுமாறு கேட்பதே உரிமையாளருக்குப் பாதுகாப்பு.

கார் நன்றாகத்தானே ஓடுகிறது என விளக்கைப் பொருட்படுத்தாதிருப்பதும் முறையன்று. அந்தச் சிக்கனத்தின் விலையைச் சாலையோரம் வாழ்வோரின் நுரையீரல்களே செலுத்துகின்றன.